ஜெஸி அக்கா புகைக்குழாய் மாற்றிய கதை

ஏதாவது எஞ்சின் சத்தம் காதில் விழுந்தால் ஜெஸி அக்கா வாயைத் திறந்துகொள்வார். பேசுவதற்காக அல்ல, கேட்பதற்காக. அமீரகத்தின் புஜைராவில் நாங்கள் எதிரெதிர் வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மீன் மார்க்கெட்டில் கணவாய்க்கு விலை பேசும்போது பக்கத்தில் ஒரு லாரி கிளம்பினால் பேச்சு நின்றுவிடும். வாய் மட்டும் திறந்தபடி இருக்கும். விலையைக் கேட்டு அதிர்ந்துபோய்விட்டார் என்று நினைத்துக் கடைக்காரரே குறைத்துக் கொடுத்ததும் உண்டு. ஒரு கிறிஸ்துமஸுக்கு என்னையும் சர்ச்சுக்குக் கூட்டிப்போனார். எல்லாரும் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கண்ணையும் மூடி வாயையும் திறந்திருந்தார். வெளியே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

பல நாள் யோசித்து, ஒரு நாள் கேட்டுவிட்டேன்.

"அது என்னக்கா, வண்டிச் சத்தம் கேட்டா வாயத் தெறக்குறீங்க?"

"வாயத் தெறந்தா காது நல்லாத் தெறக்கும் பிள்ளே. எங்க கடப்புறத்துல எல்லாவரும் அப்பிடித்தான். யாருக்க வள்ளம் வருதுன்னு இருட்டுல பின்ன எப்பிடித் தெரியும்?"

கன்னியாகுமரிக் கடற்கரையில் சத்தம் கூடிய எஞ்சினுக்குத்தான் மரியாதையாம். கரையை ஒட்டி அலை மடிந்து விழும் இடத்தைத் தாண்டும்போது எஞ்சின் அலற வேண்டும். அலறாத எஞ்சின் ஆளைக் கவிழ்த்துவிடும். அதனால் எது அதிகமாகக் கத்துகிறதோ அதுதான் அதிகமாக இழுக்கும் என்பது அக்காவின் முடிவு. இந்த முடிவோடுதான் அவர் வளைகுடாவுக்கு விமானம் ஏறியிருக்கிறார்.

அக்கா வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ். கணவர் யேசுதாசன் அண்ணன், துறைமுகத்தில் கப்பல்களை இழுக்கும் டக் படகில் எஞ்சின் வேலை. சில வாரம் கடலில் இருப்பார், சில நாள் வீட்டில் இருப்பார். நான் கீழ்த்தெருவில் ஒரு அபாயா கடையில் பெண்களின் கறுப்பு அங்கிகளுக்குக் கை தைக்கிறேன். கடையை மதியம் அடைத்தால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த இடைவேளையில் அக்காவுக்குப் பை தூக்கப் போவேன். எனக்கு அரபி வராது, இந்தி பாதி வரும், புது ஆள் முன்னால் தமிழும் வராது. அதனாலேயே என்னைக் கூட்டிப்போவது அவருக்குப் பிடிக்கும். வழி முழுக்க அவரே பேசலாம்.

அந்த வருஷம் அக்காவின் முக்கியமான நோயாளி ஆமிரா. மசாஃபி பக்கத்து மலையில் ஆடுகளோடு தனியாக இருக்கும் அரபிப் பெண். அறுபது வயது இருக்கும். பிள்ளைகள் எல்லாம் துபாயில். உதவிக்கு ஒரு பண்ணையாள் உண்டு. ஆமிராவுக்குச் சர்க்கரை வியாதி. வலது கால் பெருவிரலுக்குக் கீழே ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்டு மாற்ற வேண்டும், இடைவெளி விழுந்தால் விரலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்கு வந்து படுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, என் ஆடுகளுக்கும் கட்டில் தருவீர்களா என்று கேட்டாராம். முன்னால் வந்த இரண்டு நர்ஸுகளைத் திட்டி விரட்டிவிட்டார். ஜெஸி அக்காவையும் திட்டினார். அக்கா பதிலுக்குத் தமிழில் திட்டினார். அன்றிலிருந்து ஆமிரா காவா என்னும் அரபிக் காப்பி கொடுக்கத் தொடங்கினார்.

ஆமிராவின் வீட்டுக்குக் கடைசியில் ஒரு ஏற்றம் உண்டு. தார் கிடையாது, உருளும் கல். கம்பெனியின் சின்னக் கார் அதன் அடிவாரத்தோடு நின்றுவிடும். ஆகவே அக்கா தன் சொந்த வண்டியில் போகக் கம்பெனி அனுமதி கொடுத்திருந்தது. அது பழைய ஜப்பான் ஜீப், ஆறு சிலிண்டர், பெட்ரோல். ஒரே ஒரு நிபந்தனை: முல்கியா, அதாவது வண்டியின் பதிவுச் சீட்டு, நடப்பில் இருக்க வேண்டும். அந்த மாதக் கடைசியோடு அது முடிகிறது. புதுப்பிக்க வேண்டுமானால் வண்டி பாசிங் என்னும் வருடாந்திரப் பரிசோதனையில் தேற வேண்டும். தேறாவிட்டால் ஆமிராவைப் பார்க்கும் வேலையைக் கம்பெனி கைவிட்டுவிடும். ஆமிரா மலையை விட்டு இறங்க மாட்டார். பிறகு விரல் போகும். இவ்வளவும் எங்களுக்குத் தெரியும். வண்டிக்கு மட்டும் தெரியவில்லை.

மாதம் பிறந்ததும் அது 'டிக் டிக்' என்று சத்தம் போட ஆரம்பித்தது. காலையில் கிளப்பும்போது கேட்கும். சூடானதும் அடங்கிவிடும். அக்கா பானெட்டைத் தூக்கி, வாயைத் திறந்து நின்று பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய் ஸ்டெதஸ்கோப்பை எடுத்துவந்தார்.

"அக்கா, அத வச்சா?"

"பழசுதான் பிள்ளே. நோயாளிக்கு வேற இருக்கு."

நெஞ்சில் வைக்கும் வட்டத்தைக் கழற்றிவிட்டு, வெறும் ரப்பர் குழாயை எஞ்சினின் பக்கவாட்டில் மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். கார் நிறுத்துமிடத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். ஒரு மலையாளி ஐயா, "சிஸ்டரே, ஆளு பிழைக்குமா?" என்று கேட்டார்.

"மூணாவது சிலிண்டர் பக்கம் மூச்சு வெளிய போவுது" என்றார் அக்கா.

எஞ்சினிலிருந்து புகையை வாங்கிக் குழாய்க்கு அனுப்பும் இரும்பு வார்ப்பில் வெடிப்பு. அதை மேனிஃபோல்ட் என்பார்கள். பட்டறைகள் நிறைந்த சனாயாவில் புகைக்குழாய் வேலை மட்டும் செய்யும் இர்ஷாத்தின் கடைக்குப் போனோம். இர்ஷாத் பாகிஸ்தான்காரர். பெரிய மீசை, சின்னக் குரல். கம்பெனி மேனிஃபோல்ட் வர இரண்டு மாதம் ஆகும் என்று கையை விரித்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். கூரையில் வாழைத்தார் போலக் குழாய்க் கொத்துகள் தொங்கின. வெளியார் செய்து விற்கும் ஹெட்டர். இரும்பு வார்ப்புக்குப் பதிலாகச் சிலிண்டருக்கு ஒரு குழாய் வீதம் வந்து, கடைசியில் எல்லாம் ஒன்றாகச் சேரும்.

எங்கள் வண்டிக்குப் பொருந்துவது இரண்டு இருந்தது. ஒன்று தடித்த, குட்டையான குழாய்கள், கண்ணாடி மாதிரி பளபளப்பு. இன்னொன்று மெலிந்த, நீளமான குழாய்கள், மங்கல் நிறம்.

இர்ஷாத் இந்தியில் கேட்டார்: "சிஸ்டர், ரேஸுக்குப் போறீங்களா, மலைக்குப் போறீங்களா?"

"மலைக்கு."

"அப்ப பத்லா. மெல்லிசுதான்."

அவர் சொன்ன விளக்கத்தை எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். புகை ஒரே ஓட்டமாக வருவதில்லை, துடிப்புத் துடிப்பாக வருகிறது. மெல்லிய குழாயில் ஒவ்வொரு துடிப்பும் வேகமாக ஓடும். ஓடும்போது பின்னால் வருவதையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே நன்றாக மூச்சுவிடும், புல்லிங் கிடைக்கும். தடித்த குழாயில் புகை கல்யாண வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஆடி அசைந்து போகும். எஞ்சின் வெகு வேகமாகச் சுற்றினால்தான் அதற்கு அவசரம் வரும்.

அக்கா கேட்டுக்கொண்டார். பிறகு, "சத்தத்தக் காட்டு" என்றார்.

கடையில் நின்ற வேறொரு வண்டியில் தடித்த குழாய்தான் மாட்டியிருந்தது. பையன்கள் ஓட்டும் வண்டி. இர்ஷாத் அதைக் கிளப்பினார். சுவரில் தொங்கிய சாவிகள் ஆடின. அக்காவின் வாய் திறந்தது. வண்டியை அணைத்த பிறகும் மூடவில்லை.

மெலிந்த குழாய் போட்ட வண்டி வெளியே நின்றது. அதையும் கிளப்பிக் காட்டினார்.

"இது என்னது, தையல் மிஷின் மாதிரி!" என்றார் அக்கா.

நான் தையல் மிஷினில் பிழைக்கிறவள்.

"தடிச்சதப் போடு."

இர்ஷாத் மீசையைத் தடவினார். "அச்சா. வண்டிக்கு மாலிக் நீங்கதான். கேட்டலிஸ்ட்டையும் எடுத்துரவா? சத்தம் இன்னும் கூடும்."

கேட்டலிஸ்ட் என்பது வண்டிக்கு அடியில் இருக்கும் டப்பா. புகையில் உள்ள விஷத்தைக் குறைப்பது. அது இல்லாமல் ஓட்டக் கூடாது.

"அப்ப பாசிங்?" என்றார் அக்கா.

"அன்னிக்கு ஒரு நாளைக்கு நானே ஒண்ணு மாட்டித் தர்றேன். பாஸானதும் கழட்டிரலாம். எல்லாரும் செய்யறதுதானே."

பாசிங் நாளுக்கு நண்பனின் டயரை மாட்டிப்போவதும், கண்ணாடியில் ஒட்டிய கறுப்புத் தாளை உரித்துவிட்டுப் போய்ச் சாயங்காலம் மறுபடி ஒட்டுவதும் நானே பார்த்தவை. எங்கள் கட்டிடத்தில் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று பாசிங்குக்காக வீடு வீடாக இரவல் போய்க்கொண்டே இருக்கும்.

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "பிரஷர் பாக்காமலே சார்ட்டில நூத்தியிருபதுக்கு எம்பதுன்னு எழுதுற நர்ஸுமாரு உண்டு. அந்தக் கூட்டத்தில என்னச் சேக்காத" என்று தமிழில் சொல்லி, பிறகு இந்தியில் சுருக்கமாக, "டப்பா ரஹேகா" என்றார். டப்பா இருக்கும்.

தடித்த குழாய் மாட்டியாயிற்று. கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் தள்ளிப் பற்றவைத்தார்கள். மறுநாள் மசாஃபி ரோட்டில் நாங்கள் போன போக்கை எப்படிச் சொல்வது? மலைகள் திரும்பக் கத்தின. ஒரு போலீஸ் வண்டி மெதுவானது, உள்ளே வெள்ளைச் சீருடையில் ஒரு நர்ஸ் இருப்பதைப் பார்த்து அவசரமாக வழிவிட்டது. அக்கா சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். எனக்கு உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

ஏற்றம் வந்தது. அக்கா நாலு சக்கரத்தையும் சேர்க்கும் சின்னக் கம்பியை இழுத்துப்போட்டு, வழக்கம்போல மெதுவாக ஏற்றினார். பாதியில் வண்டிக்கு மூச்சு முட்டி நின்றுவிட்டது. பின்னால் இறக்கி, மறுபடி ஏற்றினார். மறுபடியும் அதே இடம். மூன்றாம் தடவை அக்கா பல்லைக் கடித்து ஆக்ஸிலேட்டரை அழுத்தினார். இடி மாதிரி ஒரு சத்தம். சக்கரங்கள் இருந்த இடத்திலேயே சுற்றின. கல்லெல்லாம் பின்னால் பறந்தது. வண்டி பக்கவாட்டில் வழுக்கி ஒரு இலந்தை மரத்தில் சாய்ந்து நின்றது.

மேலே ஆடுகள் ஓடின. ஒரு திசையில் ஓடியிருந்தால் பரவாயில்லை. ஒவ்வொன்றும் ஒரு திசையில் ஓடியது. அவற்றுக்குப் பின்னால் பண்ணையாள் ஓடினார். அவருக்குப் பின்னால், கட்டுப்போட்ட காலில் ஒற்றைச் செருப்போடு, ஆமிரா.

"கலாஸ்! கலாஸ்!" என்று கத்தினார். போதும், போதும்.

"ஹஜ்ஜா, ஓடாதீங்க! காலு! காலு!" என்று அக்கா கீழிருந்து கத்தினார். வயதான பெண்ணை அங்கே மரியாதையாக ஹஜ்ஜா என்பார்கள்.

இருவரும் கத்தியது தீர்ந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து ஏறினோம். ஓடியதில் புண் ரத்தம் விட்டிருந்தது. அக்கா ரத்தத்தைத் துடைத்துக் கட்டு மாற்றினார். ஆமிரா சாய்ந்து நிற்கும் வண்டியைப் பார்த்தபடி அரபியில் ஒன்று சொன்னார். இறங்கும்போது, என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"எனக்க வண்டிக்கு வாய் இருக்காம். கால் இல்லியாம்."

அக்காவின் பிடிவாதம் அதோடு போகவில்லை. ஏற்றம் ஏறாவிட்டால் என்ன, முல்கியாவாவது ஆகட்டும் என்று மறுநாள் பாசிங்குக்குக் கொண்டுபோனார். வண்டி வாசலில் நுழையும்போதே, உள்ளே இருந்த மூன்று அதிகாரிகளும் வெளியே வந்துவிட்டார்கள். வரவேற்பு பெரிதாகத்தான் இருந்தது. சத்தம் அதிகம் என்று ஒரு குறி. எஞ்சின் விளக்கு எரிகிறது என்று ஒரு குறி. புகைக்குழாயில் கருவியை விட்டுப் பார்த்துவிட்டு மூன்றாவது குறி.

"டப்பா இருக்கே சார்!" என்றார் அக்கா.

டப்பாவைத் தள்ளி வைத்ததில் அது சூடே ஆவதில்லை என்றும், சூடாகாத கேட்டலிஸ்ட் வேலை செய்யாது என்றும் அந்த அதிகாரி பொறுமையாகச் சொன்னார். கேட்டலிஸ்ட் பழைய இடத்தில் இருக்க வேண்டும், புகையை மோந்து பார்க்கும் சென்சார் அதற்கு முன்னால் இருக்க வேண்டும், சத்தம் அளவுக்குள் இருக்க வேண்டும், பிறகு வாருங்கள்.

அன்று சாயங்காலம் யேசுதாசன் அண்ணன் கடலிலிருந்து வந்தார். படியேறும்போதே குரல் கேட்டது.

"எடீ ஜெஸி, கீழ ஒரு கப்பல் சங்கு நிக்கே, அது நம்ம வண்டியா?"

"கேலி பண்ணாண்டாம். உள்ள வாங்க."

"எதுத்த வீட்டுப் பிள்ளைக்குக் காது கேக்குதான்னு கேளு. நீ ஸ்டார்ட் பண்ணினப்ப நான் ஹார்பர்ல இருந்தேன். கேப்டன் கேக்காரு, வேற கப்பல் வருதான்னு."

கணவாய்ப் பொரியலைத் தட்டில் வைத்தபடி அக்கா நடந்ததைச் சொன்னார். அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"சத்தம் இருக்கு, புல்லிங் இல்ல. அது எப்பிடி?" என்று முடித்தார் அக்கா. "எங்கப்பாவுக்க வள்ளம் அலறிக்கிட்டுத்தான அல தாண்டும்?"

"அல தாண்ட எம்புட்டு நேரம் ஆவும்?"

"ஒரு நிமிசம் கூட ஆவாது."

"பின்ன? அதுக்கு அலறுனாப் போதும். நீ மலைல கல்லுக்கு மேல கல்லா ஊர்ந்து ஏறணும். அலறிக்கிட்டே ஊர முடியுமா? எங்க டக்கு எம்மாம் பெரிய கப்பல இழுக்குது. கூவிக்கிட்டா இழுக்குது? மெதுவாத்தான் சுத்தும். ஆனா விடாது."

அண்ணன் தண்ணீர் குடித்துவிட்டு, "மாத்த மெனக்கெடாண்டாம். எங்க மெக்கானிக் வண்டிக்க சைலன்சரும் குழாயும் கழட்டித் தாறேன். ஒருநாள் மாட்டிக் காட்டு, பாஸாக்கு, திருப்பிக் குடு" என்றார்.

"இரவல் குழாயில பாஸாக்கிட்டு, மல ஏற இரவல் வாங்க யாருக்கிட்டப் போவேன்?" என்றார் அக்கா. அண்ணன் மிச்சம் இருந்த கணவாயை எடுத்துக்கொண்டார்.

அதற்கடுத்த நாட்களில் கம்பெனி காரில் அடிவாரம் வரை போய், ஏற்றத்தை நடந்தே ஏறினோம். ஆமிரா மேலே நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் ஏறுவதை வேடிக்கை பார்ப்பார். நாங்கள் இளைப்பாற உட்கார்ந்தால் கைதட்டி "யல்லா! யல்லா!" என்பார். சீக்கிரம், சீக்கிரம். புண் ஆறுகிற வழியாக இல்லை. அக்கா அளவு எடுத்துப் பார்த்தார், மருந்தை மாற்றினார், டாக்டரிடம் பேசினார். கொடுத்த மருந்துக்கு இந்நேரம் மூடியிருக்க வேண்டும் என்றார் டாக்டர். தினமும் சர்க்கரை ஏன் ஏறிக்கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இனிப்பைத் தொடுவதே இல்லை என்று ஆமிரா அல்லாஹ்வைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்.

மாதம் முடியப்போகிற நேரத்தில் மறுபடி இர்ஷாத்தின் கடைக்குப் போனோம். பளபளப்பான குழாயைக் கழற்றி வாங்கிக்கொண்ட இர்ஷாத், நான் அப்போதே சொன்னேனே என்று சொல்லவில்லை. ஆனால் மீசை சொல்லியது.

இந்த முறை அக்கா சத்தத்தைக் கேட்கவில்லை. கையோடு அளவு நாடா கொண்டுவந்திருந்தார். என்னுடையதுதான், கடையில் கைக்கு அளவெடுப்பது. மெலிந்த குழாயை இறக்கச் சொல்லி, பழைய வார்ப்பின் வாய்க்கும் குழாயின் வாய்க்கும் அளவு சரியா என்று பார்த்தார். ஒவ்வொரு குழாயும் ஏறக்குறைய ஒரே நீளமா என்று நாடாவை வளைத்து வளைத்துப் பிடித்தார். சென்சார் போக இடம் விட்டிருக்கிறார்களா என்று கேட்டார். கேட்டலிஸ்ட் பழைய இடத்திலேயே வந்து உட்காருமா என்று வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஆபரேஷனுக்கு ஆள் தயார் செய்கிற மாதிரிதான் இருந்தது. மாட்டியதும் இர்ஷாத் சாவியைத் திருப்பினார்.

வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. அக்கா என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன்.

ஆனால் வீட்டுக்கு வருவதற்குள் எஞ்சின் விளக்கு மறுபடி எரிந்தது. திரும்பிப் போனோம்.

"சென்சார் கராப். புதுசு போடணும்" என்றார் இர்ஷாத்.

"சும்மா இரு" என்று சொல்லி அக்கா கைப்பையிலிருந்து பழைய ஸ்டெதஸ்கோப்பை எடுத்தார். கடையில் வேலை நின்றுவிட்டது. வட்டத்தைக் கழற்றி, குழாயைச் சிலிண்டர் சிலிண்டராக நகர்த்தினார். ஆறாவது சிலிண்டரில் கை நின்றது. வாய் திறந்தது.

"இன்னா. நீயே கேளு."

இர்ஷாத் தொப்பியை எடுத்துவிட்டு, ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டிக் குனிந்தார். எஞ்சினும் ஹெட்டரும் சேரும் இடத்தில் மெல்லிய 'ஸ்ஸ்' வந்திருக்க வேண்டும். அவர் முகம் மாறியது. இடைவெளியை அடைக்கும் புது கேஸ்கெட்டுக்குப் பதில் பழைய தகட்டையே திருப்பி வைத்துவிட்டதாகக் கடைப் பணியாள் ஒருவர் ஒப்புக்கொண்டார். அந்தச் சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே போயிருக்கிறது. காற்று அதிகம் இருப்பதைப் பார்த்து சென்சார் ஏமாந்து, இன்னும் பெட்ரோல் கொடு என்று எஞ்சினுக்குச் சொல்லியிருக்கிறது. விளக்கு எரிய அதுதான் காரணம். அப்படியே பாசிங்குக்குப் போயிருந்தால் புகையிலும் தோற்றிருப்போம்.

புது கேஸ்கெட் போட்டு முடிக்கும்வரை இர்ஷாத் ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றவே இல்லை. வட்டத்தை மறுபடி மாட்டித் தன் நெஞ்சில் வைத்துப் பார்த்தார். "சிஸ்டர், இது டிக் டிக்குங்குதே, லீக்கா?" என்றார். ஒரு நாளும் சிரிக்காத மனிதர். அக்கா அவர் கையைப் பிடித்து நாடி பார்த்து, "சாயாவுல சீனியக் குறைங்க பாய்" என்றார்.

பாசிங் அன்று அதே அதிகாரி. வாசல்வரை வந்து வரவேற்க ஆள் இல்லை, வண்டி வந்ததே யாருக்கும் தெரியவில்லை. விளக்கு எரியவில்லை. குனிந்து கேட்டலிஸ்ட்டைப் பார்த்தார், சென்சாரைப் பார்த்தார். புகைக்குழாயில் கருவியை விட்டு எஞ்சினைக் கொஞ்சம் ஏற்றச் சொன்னார். அக்கா பக்கத்தில் வாயைத் திறந்தபடி நின்றார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, "சிஸ்டர், பயப்படாதீங்க, பாஸ்தான்" என்றார்.

அங்கிருந்து நேராக மலைக்குப் போனோம். அன்று கட்டு மாற்றும் நாள். ஏற்றத்தின் அடியில் அக்கா சின்னக் கம்பியை இழுத்துப்போட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, காலை லேசாக மட்டும் வைத்தார். வண்டி கல்லுக்கு மேல் கல்லாக, அவசரமே இல்லாமல், வயிறு நிறைந்த எருமை மாதிரி ஏறியது. நாங்கள் முன்பு சாய்ந்து நின்ற மரத்தைத் தாண்டினோம். ஒரு ஆடு தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தது. நேரே ஆமிராவின் முற்றத்தில் போய் நின்றோம்.

ஆமிரா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் தலையணை மேல். மடியில் ஓமான் அல்வா டப்பா. பாதி காலி. ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, அடுத்த விரலால் பக்கத்தில் நின்ற வெள்ளாட்டுக்கும் ஊட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா இறங்கிப் பின்னால் போய் நின்றார். அப்போதும் ஆமிராவுக்குத் தெரியவில்லை. ஆடுதான் முதலில் பார்த்தது.

"ஹஜ்ஜா."

ஆமிரா திடுக்கிட்டு டப்பாவைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். அங்கே ஏற்கெனவே இரண்டு காலி டப்பாக்கள் இருந்தன.

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. இத்தனை மாதமும் எங்கள் பழைய வண்டியின் சத்தம் மலையடிவாரத்திலேயே ஆமிராவுக்குக் கேட்டுவிடும். நாங்கள் மேலே வருவதற்குள் டப்பா உள்ளே போய், வாயைக் கழுவி, தஸ்பீஹ் ஜெபமாலையும் கைக்கு வந்துவிடும். நாங்கள் நடந்து ஏறிய நாட்களில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததும் எங்களை வேடிக்கை பார்க்க மட்டும் அல்ல.

"கள்ளி மாதிரி வர்றியே! ஒரு ஹார்ன் கிடையாதா?" என்று ஆமிரா கத்தினார். தன் அரபிக்கு எட்டியவரை அக்கா பிறகு எனக்குச் சொன்னது இது.

"யாரு கள்ளி? அல்லாஹ்வச் சாட்சிக்கு விளிச்சது யாரு?"

"ஆட்டுக்குத்தான் வாங்கினேன்!"

"ஆட்டுக்கா? ஆட்டுக்கும் சேத்து இன்சுலின் போடவா?"

அன்று இரண்டு பேரும் அரபியிலும் தமிழிலுமாகப் போட்ட சத்தத்தில் தடித்த குழாயே தோற்றுவிடும். பண்ணையாள் மூன்று டப்பாவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கே போனார் என்று பிறகு பார்த்தேன். கிணற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து மிச்சத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு அக்கா நாள், நேரம் சொல்லாமல் மலை ஏறினார். எப்போது வருவோம் என்று தெரியாததால் ஆமிரா பயந்து பயந்து, கடைசியில் அல்வாவை நிறுத்திவிட்டார். சர்க்கரை இறங்கியது. புண் ஓரத்திலிருந்து மூடத் தொடங்கியது. குளிர்காலம் முடிவதற்குள் அக்கா கடைசிக் கட்டைப் பிரித்தார், புதுக் கட்டுப் போடவில்லை.

இன்றைக்கு நிலவரம் இதுதான். ஆமிராவின் பெருவிரல் அவர் காலிலேயே இருக்கிறது. அவரைப் பார்க்கும் வேலை முடிந்துவிட்டதாகக் கம்பெனி எழுதிவிட்டது. ஆனாலும் வெள்ளிக்கிழமை மதியம் நாங்கள் போகிறோம், காவா குடிக்கிறோம். பழைய சத்தக் குழாயை மறுபடி மாட்டினால் செலவு முழுக்கத் தன்னுடையது என்று ஆமிரா ஒவ்வொரு முறையும் சொல்கிறார். இர்ஷாத் சொந்தமாக ஒரு ஸ்டெதஸ்கோப் வாங்கிவிட்டார். சாயாவில் சீனியைக் குறைக்கவில்லை. வண்டி இந்த வருஷமும் சொந்தக் குழாயோடு பாஸாகிவிட்டது. ஜெஸி அக்கா இன்னும் வாயைத் திறந்துதான் கேட்கிறார்.